செம்மண் பாதையில் இரண்டு வண்டிகள்

கார் வாங்குவது ஆண்கள் சமாசாரம் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் உண்டு. கிரைண்டர் வாங்குவதென்றால் நம்மிடம் அபிப்பிராயம் கேட்பார்கள். பட்டுப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் கார் என்று வந்துவிட்டால், "கலர் மட்டும் நீ சொல்லு" என்பதோடு நம் பங்கு முடிந்துவிடும். அதே காரில்தான் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறோம், வயதானவர்களை ஏற்றி இறக்குகிறோம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். இதையெல்லாம் யோசித்து வாங்க வேண்டியவர்கள் நாம்தானே, சகோதரிகளே?

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரம். என் கணவர் இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். பையன் பிளஸ் டூவுக்குச் சமமான வகுப்பில் படிக்கிறான். நாங்கள் வந்து பதினைந்து வருஷம் ஆகியும் கடற்கரையை ஒட்டிய ஊர்களைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. நாட்டின் நடுவே இருக்கும் அந்தச் செம்மண் பிரதேசத்தைப் பார்க்க வேண்டும் என்பது இவருடைய நெடுநாள் ஆசை. 2022-ல் இவருக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு அந்த ஆசை பிடிவாதமாகவே ஆகிவிட்டது. "இப்ப போகலைன்னா எப்ப போறது?" என்பார்.

அதற்கு நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். கையில் இருந்த சேமிப்புக்குப் புது வண்டி கட்டாது, செகண்ட் ஹாண்டுதான். அங்கேதான் பிரச்னை ஆரம்பித்தது. இவருடன் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் தம் லாண்ட் ரோவர் டிஸ்கவரியை விற்றுவிட்டு வேறு வாங்க இருந்தார். 2018-ம் வருஷத்து வண்டி, 70,000 கி.மீ.தான் ஓடியிருந்தது. "வெளியே கொடுக்கிறதைவிட உங்களுக்கே சல்லிசா தர்றேன்" என்றார். அதே பணத்துக்குக் கடைத்தெருவில் கிடைத்தது 2016-ம் வருஷத்து டொயோட்டா பிராடோ. அது ஓடியிருந்ததோ 1,40,000 கி.மீ. கேட்ட மாத்திரத்தில் எவருக்கும் எது பிடிக்கும்? டிஸ்கவரிதானே!

இரண்டு கம்பெனியின் கதை

இவர் சொல்லக் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். லாண்ட் ரோவர் இங்கிலாந்தில் 1948-ல் வந்தது. யுத்தம் முடிந்த காலத்தில் விவசாயிகளுக்காகச் செய்த முரட்டு வண்டி அது. அதே கம்பெனி 1970-ல் ரேஞ்ச் ரோவர் என்ற சொகுசு வண்டியையும், 1989-ல் டிஸ்கவரியையும் கொண்டுவந்தது. 2008-ல் நம் டாட்டா கம்பெனி ஜாகுவாரையும் லாண்ட் ரோவரையும் சேர்த்து வாங்கிவிட்டது. 2024-ல் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் இந்த வண்டிகளையும் செய்யப் போகும் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஆகவே அது இன்றைக்கு நம் ஊர்ச் சொந்தம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

டொயோட்டா 1951-ல் ஜீப் மாதிரி ஒரு வண்டி செய்து, 1954-ல் அதற்கு லாண்ட் குரூஸர் என்று பெயர் வைத்தது. ஆஸ்திரேலியாவில் ஸ்நோயி மலைத்தொடரில் 1949 முதல் 1974 வரை அணைகளும் சுரங்கங்களும் கட்டினார்கள். அந்த வேலைக்காகக் காண்டிராக்டர் லெஸ்லி தீஸ் 1950-களின் கடைசியில் லாண்ட் குரூஸரை இறக்குமதி செய்தார். சேறு, பனி, கல் எல்லாவற்றிலும் உழைத்ததால் நாட்டுப்புறத்தில் அதற்குத் தனி மரியாதை வந்தது. அதன் தம்பி மாதிரிதான் பிராடோ. இங்கே 1996-லிருந்து விற்பனையாகிறது.

வருஷம் ஆக ஆக முதலாவது வண்டியின் விலை மளமளவென்று இறங்கும், இரண்டாவது இறங்காது. அதனால்தான் புதியது, குறைந்த ஓட்டம் உள்ளது என்றாலும் டிஸ்கவரி அதே விலைக்குக் கிடைத்தது. "விலை இறங்குது என்றால் வாங்குகிறவனுக்கு லாபம்தானே?" என்றார் இவர். வாஸ்தவம்தான். ஆனால் பின்னால் நாம் விற்கப் போகும்போது அதே லாபம் வேறொருவருக்குப் போகுமே என்பது என் கணக்கு.

ஒரு பிரயாணத்தில் இரண்டு பரீட்சை

இந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். 72 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். எங்களுக்குப் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் பிராடோதான் வைத்திருக்கிறார். அவர் ஒரு யோசனை சொன்னார்: "டாக்டரின்ரை வண்டியும் வரட்டும், என்ரை வண்டியும் வரட்டும். எல்லாருமாய்ப் போவம். மாறி மாறி ஏறிப் பாருங்கோ. பிறகு முடிவெடுங்கோ." நல்ல யோசனை! 2023 ஜூலை பள்ளி விடுமுறையில் மூன்று குடும்பமும் கிளம்பினோம்.

ஜூலை இங்கே குளிர்காலம். உள்நாட்டுக்குப் போக மே முதல் செப்டம்பர் வரைதான் ஏற்ற காலம். நாங்கள் போன பாதையின் பெயர் ஊட்நடாட்டா. அந்தப் பெயர் கொண்ட சிற்றூரில் 1960 ஜனவரி 2-ம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் வெயில் அடித்ததாம். இந்த நாட்டிலேயே அதுவரை பதிவாகாத வெப்பம். அப்படிப்பட்ட இடத்துக்குக் கோடையில் போவார்களா?

முதல் நாள் வடக்கே பிளிண்டர்ஸ் மலைத்தொடர் அடிவாரத்தில் ஹாக்கர் என்ற ஊர்வரை போனோம். வழி நெடுக கோதுமை வயல். போகப் போக வயல் தீர்ந்து, கூரை இல்லாத கல் வீடுகள் நின்றன. 1865-ல் கோய்டர் என்ற சர்வே அதிகாரி, "இந்தக் கோட்டுக்கு வடக்கே மழையை நம்பி விதைக்காதீர்கள்" என்று படத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாராம். நாலைந்து வருஷம் நல்ல மழை பெய்யவே, ஜனங்கள் அதைக் கேட்காமல் குடியேறினார்கள். பிறகு வறட்சி வந்து வீட்டை விட்டுப் போனார்கள். அந்தச் சுவர்களைப் பார்த்து மாமியார், "வானம் பார்த்த பூமின்னா எங்கயும் ஒண்ணுதான்" என்று பெருமூச்சு விட்டார். ஆண்டிபட்டிக்காரர் இல்லையா!

அன்று மாமியாரும் நானும் டிஸ்கவரியில் இருந்தோம். ஒரு பொத்தானை அமுக்கினால் அந்த வண்டி, ஒட்டகம் மண்டி போடுவது போல, உடம்பைச் சற்றுத் தாழ்த்திக் கொடுக்கிறது. இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பைகள் மேல் நிற்பதால் இந்த வசதி. மாமியார் ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி ஏறிவிட்டார். உள்ளே குளிருக்கு இதமாக ஸீட்டே சூடாகிறது. வெளிச்சத்தம் கேட்கவில்லை. அத்தை அரை மணி நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். என் மனசிலும் தராசு அந்தப் பக்கமே சாய்ந்தது.

செம்மண் தொடங்குகிறது

மறுநாள் மரீ என்ற ஊர். அடிலெய்டிலிருந்து 700 கி.மீ. போலத் தூரம். சிறிய ஊர்தான், ஆனால் சரித்திரம் பெரிது. ரயிலும் லாரியும் வராத காலத்தில் இங்கே சாமான் சுமந்தவை ஒட்டகங்கள். அவற்றை ஓட்ட 1860-களிலிருந்து ஆப்கானிஸ்தானம், பலுசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாரையும் மொத்தமாக "ஆப்கன்" என்றே கூப்பிட்டார்கள். பிறகு வந்த ரயிலுக்கு 'கான்' என்ற பெயர் நிலைத்ததும் இவர்களால்தான். அந்தப் பழைய ரயில் பாதை 1980-ல் மூடப்பட்டது. மரீயில் அவர்கள் கட்டிய மண் மசூதியின் மாதிரி ஒன்றை இப்போதும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பேரீச்ச மரங்கள். நம்மைப் போல் ஊரை விட்டு வந்தவர்கள்தானே என்று எனக்குத் தோன்றியது. அவர்களில் பலர் பெண்டாட்டி பிள்ளைகளை அழைத்து வரவும் முடியாமல் இருந்தார்களாம்.

மரீயிலிருந்து மார்லா என்ற ஊர்வரை சுமார் 620 கி.மீ. தார் இல்லாத பாதை. அதுதான் ஊட்நடாட்டா பாதை. பழைய ரயிலும், 1872-ல் போட்டு முடித்த தந்திக் கம்பியும் போன வழி. தரைக்குக் கீழே உள்ள நீர் அங்கங்கே ஊற்றாக மேலே வருகிறது. ஆதிகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருஷமாக அந்த ஊற்றுகளை அறிந்து நடந்த வழியும் இதுவே.

மூன்றாம் நாள் காலை அந்தப் பாதையில் இறங்கினோம். மண்ணா அது! குங்குமத்தில் மஞ்சளைக் கலந்தது போன்ற நிறம். கண்ணுக்கு எட்டும்வரை மரமே கிடையாது. சாலை நெளி தகரம் மாதிரி அலை அலையாக இருக்கிறது. அதன் மேல் ஓடும்போது ஒரே நடுக்கம்தான் போங்கள், பல்லெல்லாம் ஆடுகிறது! டயரில் காற்றை 36-லிருந்து 28-க்கு இறக்கச் சொன்னார் அண்ணை. காற்றைக் குறைத்து வேகத்தையும் குறைத்தால் குலுக்கலும் குறைகிறது, கல் குத்துவதும் குறைகிறது.

அன்று நாங்கள் பிராடோவில். ஏறுவதற்கு மாமியார் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. பையன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கித்தான் ஏற்றினோம். ஆனால் ஏறும் முன்பு வண்டியின் பின்பக்கம் போய் நின்றவர், கதவின் மேல் மாட்டியிருந்த ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மாடி, உங்க மாமா ஜீப்புலயும் இப்படித்தான் டயரு வெளியில இருக்கும்."

என் மாமனார் வைகை அணையில் பொதுப்பணித்துறை ஜீப் டிரைவராக இருந்தவர். இருபத்தாறு வருஷம் ஓட்டினாராம். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அத்தை அவரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அன்று முழுக்க ஜீப் கதைதான்.

மரீயை விட்டு ஒரு மணி நேரம் போயிருப்போம். 'படார்' என்று சத்தம். கூரான கல் ஒன்று பிராடோவின் பின்டயரைக் கிழித்துவிட்டது. இந்தப் பாதையில் எந்த வண்டிக்கும் இது வரும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அண்ணையும் என் பையனும் இருபது நிமிஷத்தில் மாற்றிவிட்டார்கள். "இந்த அளவு டயர் நாட்டுப்புறத்திலை அநேகமாய் எங்கயும் கிடைக்கும்" என்றார் அண்ணை. 17 அங்குலச் சக்கரம், நல்ல தடித்த டயர். டாக்டர் தம் வண்டியைப் பார்த்தார். அதில் 20 அங்குலச் சக்கரம், மெல்லிய டயர். பார்க்க அழகு. ஆனால் அந்த அளவு டயருக்குப் பெரிய ஊரிலிருந்து வரவழைத்துத்தான் ஆக வேண்டும். ஸ்டெப்னியும் வண்டிக்கு அடியில் இருக்கிறது.

வழியில் நாய் வேலி என்ற ஒன்றைத் தாண்டினோம். டிங்கோ என்ற காட்டு நாய்கள் ஆடுகளிடம் வராமல் தடுக்க சுமார் 5,600 கி.மீ. நீளத்துக்குப் போட்ட கம்பி வேலி. அப்புறம் கத்தி தண்டா - ஐயர் ஏரியின் தெற்குப் பகுதியைப் பார்த்தோம். இந்த நாட்டிலேயே மிகத் தாழ்ந்த இடம் இந்த ஏரியில்தான், கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே. பெரும்பாலும் வெறும் உப்புப் பாளம். என்றைக்காவது வடக்கே கனமழை பெய்தால் தண்ணீர் வந்து சேரும். 2025-ல் குவீன்ஸ்லாந்து வெள்ளம் வந்தபோது அப்படி நிரம்பியது.

மத்தியானம் கவர்ட் ஸ்பிரிங்ஸ். பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஊற்று நீரைத் தொட்டி மாதிரி தேக்கி வைத்திருக்கிறார்கள். வெளியே குளிர் காற்று, தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பு! மாமியார் புடவையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். புளியோதரை, எள்ளுத் துவையல், வடகம் எல்லாம் அங்கேயே சாப்பிட்டோம்.

அந்தப் பிற்பகல்

சாப்பிட்ட பிறகு இவர் டிஸ்கவரியை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். வில்லியம் கிரீக் அங்கிருந்து சுமார் 75 கி.மீ. முக்கால் மணி நேரம் போனதும் முன்னால் போன அந்த வண்டி நின்றது. இறங்கிப் போய்ப் பார்த்தால் இவர் முகமெல்லாம் வேர்வை. இடது தோளில் வலி என்கிறார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. போனில் ஸிக்னல் இல்லை. முன்னும் பின்னும் ஒரு வீடு கூட இல்லை. டாக்டர் நிதானமாக நாடி பார்த்தார், நாக்குக்கு அடியில் ஸ்ப்ரே அடித்தார், பின்ஸீட்டில் சாய வைத்தார். கால் மணியில் வலி குறைந்தது. பிறகு டாக்டர் வீட்டம்மா வண்டியை எடுக்க, மெதுவாக வில்லியம் கிரீக் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து போன் செய்தால் பறக்கும் டாக்டர் சேவையின் ஆலோசனை கிடைக்கும். 1928-ல் ஜான் பிளின் என்ற பாதிரியார் ஆரம்பித்த சேவை அது. விமானத்திலேயே டாக்டரும் நர்ஸும் வருவார்கள். அவர்களுடனும் பேசினோம். விமானம் வரத் தேவைப்படவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூபர் பீடி ஆஸ்பத்திரியில் ஈ.ஸி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து, இருதயத்தில் ஒன்றும் இல்லை, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டியதால் வந்த தசைப் பிடிப்பு என்றார்கள். தெய்வாதீனம்!

அன்று இரவு வில்லியம் கிரீக் ஹோட்டல் அறையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. 1887-ல் கட்டிய தகர ஹோட்டல் அது. சுற்றிலும் அன்னா கிரீக் என்ற மாட்டுப் பண்ணை. உலகத்திலேயே பெரியது என்கிறார்கள்.  அத்தனை பெரிய வெறுமையில் படுத்துக்கொண்டு நான் நினைத்தது ஒன்றுதான். இன்று டாக்டர் இருந்தார், அண்ணை இருந்தார். நாளைக்கு நாங்கள் மட்டும் வரும்போது இப்படி நடந்தால் வண்டியை எடுக்க வேண்டியவள் நான். டயர் போனால் மாற்ற வேண்டியவளும் நான். அப்படியானால் எந்த வண்டி சொகுசு, எந்த வண்டி பெருமை என்பதல்ல கேள்வி. ஐந்தடி ஒரு அங்குல உயரமுள்ள நான் எந்த வண்டியைச் சமாளிப்பேன்?

நானே செய்த பரீட்சை

இவரை ஒரு நாள் ஓய்வெடுக்க வைத்துவிட்டு அடுத்த நாள் கிளம்பினோம். கூபர் பீடி சுமார் 165 கி.மீ., அதுவும் மண் பாதைதான். "அண்ணை, இன்னிக்கு நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்தார்.

முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு நூறு கி.மீ.க்கு மேல் பிராடோவை ஓட்டினேன். கடைசிப் பகுதிக்கு டிஸ்கவரிக்கு மாறினேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: ஓட்டுவதற்கு டிஸ்கவரிதான் சுகம். கை வலிக்கவில்லை. மணல், கல், சேறு என்று ஒரு பொத்தானைத் திருப்பினால் மீதியை வண்டியே பார்த்துக்கொள்கிறது. 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்கிறார்கள். பிராடோவுக்கு 700-தான்.

வழியில் ஓரிடத்தில் டீ குடிக்க நின்றபோது அண்ணையிடம் ஜாக்கியும் ஸ்பானரும் கேட்டேன்.

"தங்கச்சி, ஒரு சில்லைக் கழட்டி மாட்டிப் பாருங்கோ. நான் கை வைக்க மாட்டன்" என்று கைகட்டி நின்றார்.

சக்கரம் முப்பது கிலோ சுமார் இருக்கும். நாம் தூக்குகிற அரிசி மூட்டையைவிடக் கொஞ்சம் அதிகம். நட்டைக் கையால் திருப்ப முடியவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தேன், கழன்றது. சக்கரத்தைத் தூக்காமல், அடியில் மண்வெட்டியைக் கொடுத்து நெம்பி மாட்ட அண்ணையின் மனைவி வழி சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆனால் மாட்டினேன்! அத்தை வண்டிக்குள்ளிருந்தே கை தட்டினார்.

பிறகு டாக்டரின் வண்டியிலும் அதே வேலையைச் செய்யப் பார்த்தோம். அடியில் இருக்கும் ஸ்டெப்னியைக் கீழே இறக்க, பின்னால் இருக்கிற சாமானை ஒதுக்க வேண்டும், பிறகு மண்ணில் படுத்து இழுக்க வேண்டும். பளபளக்கும் பெரிய சக்கரம், கனமும் கூட. முடியாது என்றில்லை. வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சு படபடக்க, பக்கத்தில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு என்னால் முடியாது.

இன்னும் சில கணக்குகளும் போட்டேன். இரண்டு வண்டியும் 100 கி.மீ.க்குப் பத்து லிட்டருக்கு முன்னே பின்னே டீசல் குடிக்கின்றன. டிஸ்கவரி டாங்கில் பிடிப்பது சுமார் 85 லிட்டர். அந்தக் காலத்துப் பிராடோவிலோ இரண்டு டாங்க் சேர்த்து 150 லிட்டர். மரீ, வில்லியம் கிரீக், ஊட்நடாட்டா, மார்லா என்று 200 கி.மீ.க்கு ஒரு முறைதான் டீசல் கிடைக்கும் பாதையில் இது பெரிய தைரியம். காற்றுப் பை சஸ்பென்ஷன் உழைக்கும்வரை சொர்க்கம். எந்த வண்டியிலும் எந்தப் பாகமும் ஒரு நாள் தேயத்தானே செய்யும்? அப்போது அதைப் பார்க்கக் கம்ப்யூட்டர் வைத்த வொர்க்‌ஷாப் வேண்டும். அது இருப்பது நகரத்தில். சாதா ஸ்பிரிங்கை மாற்ற நாட்டுப்புற மெக்கானிக் போதும்.

கூபர் பீடியில் முடிவு

கூபர் பீடியில் 1915-ல் ஒரு பதினான்கு வயதுப் பையன் ஓபல் கல்லைக் கண்டெடுத்தானாம். அதிலிருந்து ஊரே சுரங்கமாகிவிட்டது. வெயில் தாங்காமல் ஜனங்கள் பூமிக்குள் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள். கோடையோ குளிரோ உள்ளே எப்போதும் 23, 24 டிகிரிதான். சர்ச் கூட நிலத்தடியில்! நாங்கள் தங்கியதும் அப்படி ஒரு அறையில்.

அங்கேதான் இவரிடம் பேச்சை எடுத்தேன். இவர் முகம் வாடித்தான் போயிற்று. "அம்மா காலுக்கு அந்த வண்டிதானே நல்லது?" என்றார். அது நியாயமான கேள்வி. எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. பதில் சொன்னது அத்தைதான்.

"தம்பி, நான் இன்னும் ரெண்டு மாசத்துல ஊருக்குப் போயிருவேன். எனக்காக வண்டி வாங்காதே. எனக்கு ஒரு முக்காலி வாங்கு, அதுல காலை வச்சு ஏறிக்கிறேன். ஒன்னைய எந்த வண்டியில அவ பத்திரமாக் கூட்டியாருவாளோ அதை வாங்கு."

இவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் கூரையில் இருந்த உளி வெட்டுக்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காலையில், "சரி, உன் கணக்குப்படியே பார்ப்போம்" என்றார்.

டாக்டரிடம் சொல்லத்தான் சங்கடமாக இருந்தது. சல்லிசாகத் தருகிறேன் என்றவரிடம், இவர் உயிருக்குத் துணை நின்றவரிடம், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? உள்ளபடியே சொன்னோம். வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்ததை நான் கவனித்தேன். ஊர் திரும்பியபின் ஒரு நாள் முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு போய் அதைச் சரி செய்தேன். வண்டியையும் அவர்கள் நல்ல விலைக்கே விற்றார்கள். நகரத்தை விட்டு அதிகம் போகாத ஒரு குடும்பம் வாங்கியது. அவர்களுக்கு அது பொருத்தமான வண்டிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உலுரு என்ற பெரிய பாறையை மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த வண்டி எதுவும் தேவையில்லை. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை 1987-லிருந்து முழுக்கத் தார்ச்சாலை. அடிலெய்டிலிருந்து உலுருவரை சாதாரணக் காரிலேயே போய்விடலாம். 348 மீட்டர் உயரமுள்ள அந்தப் பாறை ஆனங்கு மக்களுக்குப் புனிதமானது. 2019 அக்டோபர் 26 முதல் அதன் மேல் ஏறத் தடை. சுற்றி நடக்கலாம்.

நாங்கள் அந்த ஆகஸ்டில் பிராடோவை வாங்கினோம். மெக்கானிக்கிடம் காட்டி, பக்கவாட்டில் படியும் ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் போட்டோம். அத்தை ஊருக்குப் போகும்வரை முக்காலியும் வண்டியிலேயே இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

1. ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் வீதம் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய கேனில் வேண்டாம், சின்னச் சின்னக் கேனாக எடுங்கள். ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும்.

2. இருதயம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு பையில் வையுங்கள். டாக்டர் சீட்டின் நகலும் ஒன்று. கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டி அனுமதி பெறுவது அவசியம். இன்ஸுலின் போடுகிறவர்களுக்கு வண்டிக்குள் வைக்கும் சிறிய ஃபிரிட்ஜ் உபயோகம்.

3. போனை நம்பாதீர்கள். ஆபத்தில் அழுத்தினால் ஸாட்டலைட் மூலம் மீட்புக் குழுவுக்குத் தகவல் போகும் சிறு கருவியை வாங்கிப் பதிவு செய்துகொள்ளுங்கள். வண்டியில் யு.எச்.எஃப். ரேடியோ இருந்தால் லாரிக்காரர்கள் 40-வது சானலில் பேசுவார்கள்.

4. மழை பெய்தால் பாதையை மூடிவிடுவார்கள். மூடிய பாதையில் போனால் அபராதம். புறப்படும் முன் விசாரியுங்கள். இரண்டு நாள் கூடுதல் சாப்பாடு கையில் இருக்கட்டும்.

5. இருட்டிய பின் ஓட்டக் கூடாது. கங்காருவும் மாடும் குறுக்கே வரும்.

6. வயதானவர்களை ஒன்றரை மணிக்கு ஒரு தரம் இறக்கி நடக்க விடுங்கள். கால் வீக்கம் வராது.

7. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், வறுத்த அவல், எலுமிச்சை ஊறுகாய், சுக்கு மல்லிப் பொடி. இவை இருந்தால் எந்தப் பாலைவனத்திலும் சமையல் கவலை இல்லை.

8. எந்த வண்டி வாங்கினாலும் சரி, பணம் கொடுப்பதற்கு முன் அதன் ஸ்டெப்னியை நீங்களே ஒரு முறை இறக்கி மாட்டிப் பாருங்கள். விற்கிறவர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.